மாந்தை எங்கே?

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து திருக்கேதீச்சரத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பேருந்தில், உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் ஒருநாள் நான் அமர்ந்திருந்தேன். பாலாவித் தீர்த்தத்தையும், பழைய துறைமுக நகரம் புதைந்து கிடக்கும் மேட்டையும் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்பது என் எண்ணம். மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ‘மாந்தை’ என எழுதித் தேடினான். விடை நொடிப்பொழுதில் வந்தது. ஆனால் ஒன்றாக வரவில்லை. மன்னார் மாவட்டத்து மாந்தை மேற்கு ஒன்று. முல்லைத்தீவு மாவட்டத்து மாந்தை கிழக்கு மற்றொன்று. அகநானூற்றிலே சேர மன்னனோடு சேர்த்துப் பேசப்படும் மாந்தை வேறொன்று.

“சேர், இவற்றுள் நாம் போகும் மாந்தை எது?” என்று அவன் கேட்டான். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய நூல்களை ஆராய்வோர் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வியன்றோ அது! ஏட்டிலே ஒரு பெயர் இருக்கிறது. நிலத்திலே ஓர் இடம் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது எப்படி? இவ்வேலைக்கு இன்று கணினியையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். அது எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்பதை நம் மன்னார்க் கரையையே சான்றாகக் கொண்டு சிறிது சிந்திப்போம்.

ஓர் ஊர், பல பெயர்

மாந்தை ஒரே பெயரோடு வாழ்ந்த ஊர் அன்று. விசயனுக்கு மணமகளாகப் பாண்டி நாட்டிலிருந்து வந்த இளவரசி கரையிறங்கிய துறை என்று மகாவம்சம் கூறுவது மகாதித்த என்னும் பாளிப் பெயரை. சிங்கள வழக்கில் அது மாதொட்ட. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது அந்நகரை மாதோட்டம் என்றனர். முதலாம் இராசராசன் காலத்தில் தாழிகுமரன் என்பவன் அங்கே எடுப்பித்த கோயிலைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டு, மாதோட்டத்திற்கு இராசராசபுரம் என்ற மறுபெயரையும் தருகிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதனை மாந்தோட்டை என்று ஒலிக்கும்படி தம் எழுத்தில் எழுதினர்.

ஊருக்கு மட்டுமா இந்த நிலை? அநுராதபுரத்தைத் தழுவி வந்து அரிப்புக்கு அருகே கடலிற் கலக்கும் ஆற்றைப் பாளி நூலார் கதம்ப நதி என்பர். சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்பர். நாம் அருவி ஆறு என்கிறோம். நமக்குக் கட்டுக்கரைக்குளம், சிங்களத்தில் யோத வெவ, ஆங்கிலேயருக்கு அது இராட்சதன் குளம். நீர் ஒன்றே, பெயர்தான் பல.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. பல ஊர்களுக்கு ஒரே பெயர் அமைவதே அது. மன்னார்த் தீவில் தாராபுரம் இருக்கிறது. கொங்கு நாட்டிலும் தாராபுரம் இருக்கிறது. பழைய கடிதம் ஒன்றிலே தாராபுரம் என்ற சொல் மட்டும் வந்தால், அக்கடிதம் எழுதியவர் எந்தத் தாராபுரத்தை நினைத்தார் என்று சொல்லுதல் எளிதா?

பொறிக்குப் பெயர் எப்படித் தெரியும்?

கணினி தேடவேண்டுமாயின், முதலில் நூல் அதன் உள்ளே சென்றிருக்கவேண்டும். பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 இல் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் காக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005 இல் எழுந்தது. 2007 இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் ஆதரவில் தேவாரம் முழுவதும், சொல்லடைவும் தலங்களின் வரைபடமும் கூடிய குறுந்தகடாக வெளிவந்தது. இவையெல்லாம் பலர் பொறுமையுடன் செய்த தொண்டுகள். பக்கத்தின் நிழற்படம் மட்டும் இருந்தால் மனிதன் படிப்பான். ஆனால் அதிலுள்ள எழுத்து எழுத்தாக மாற்றப்பட்ட பின்னரே பொறி அதிற் சொல்லைத் தேட முடியும்.

அடுத்த படி, சொற்களுள் எது ஊர்ப்பெயர் என்று பிரித்தறிவது. ஆங்கிலத்திலே பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவதால் பொறிக்கு ஓரளவு குறிப்புக் கிடைக்கிறது. தமிழில் அவ்வசதி இல்லை. ‘மன்னார்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் பட்டினத்தின் பெயர். மன்னார்குடி என்னும் சோழநாட்டு ஊரின் முற்பகுதி. பகைவர் என்று பொருள்படும் பழஞ்சொல்லும் அதுவே. சிலருக்கு இயற்பெயராகவும் வழங்குகிறது. போர்க்களப் பாட்டொன்றில் வரும் மன்னாரைக் கண்டு, ‘இதோ ஈழத்து ஊர்’ என்று பொறி கொடியேற்றிவிடக் கூடும்!

மேலும், தமிழ்ச் சொல் தனித்து நிற்பதில்லை. மாதோட்டம் என்பது மாதோட்டத்தில், மாதோட்டத்து, மாதோட்டநகர் என்றெல்லாம் உருவம் மாறும். வேற்றுமை உருபையும் சாரியையையும் கழித்து அடிச்சொல்லைக் காணப் பொறிக்கு இலக்கணம் கற்பிக்கவேண்டும். பள்ளியிலே நாம் சலிப்போடு படித்த பதவுரையும் புணர்ச்சி விதியும் இங்கே கணினிப் பொறியியலாருக்கு வேண்டப்படுகின்றன என்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக.

இந்நாளிலே, மனிதர் அடையாளமிட்டுக் கொடுத்த வாக்கியங்களைக் கண்டு தாமே பழகிக்கொள்ளும் பொறிகளும் வந்துள்ளன. துறை, நகர், கரை முதலிய சொற்கள் அருகில் நிற்பதைக் கண்டு, ‘இது ஊராக இருக்கலாம்’ என அவை ஊகிக்கும். ஆயினும், இன்றைய செய்தித்தாளைப் படித்துப் பழகிய பொறியைத் தேவாரத்தின் முன் நிறுத்தினால் அது தடுமாறும். நகரத்துப் பிள்ளை நாட்டுக்கூத்தை முதன்முறை கேட்டது போன்ற தடுமாற்றம் அது.

பேசாலைக் கடற்றொழிலாளர் இதனை வலையால் விளங்கிக்கொள்வர். கண் பெரிதான வலையில் மீன் தப்பிப்போகும். கண் சிறிதான வலையிற் பாசியும் குப்பையும் கூட ஏறும். பொறியின் தேடலும் அத்தகையதே. எத்தனை பெயர்களைத் தப்பவிட்டது, பெயரல்லாத எத்தனையைப் பெயரென்று பிடித்தது என்னும் இரண்டையும் எண்ணிப் பார்த்தே அதன் தரத்தை மதிப்பிடுவர்.

காலும் ரகரமும்

பெயரைப் பிடித்தாயிற்று. மாறுபட்ட வடிவங்கள் ஒரே பெயரின் திரிபா, வேறு வேறு பெயரா என்று எப்படி அறிவது? 1965 இல் உருசியக் கணித அறிஞர் லெவென்ஷ்தைன் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார். ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்குவதற்கு எத்தனை குறிகளைச் சேர்க்கவேண்டும், நீக்கவேண்டும், மாற்றவேண்டும் என்று எண்ணுக. அவ்வெண்ணே இரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம். எண் சிறிதாயின் உறவு நெருக்கம்.

அகநானூற்று மாந்தை சில பாடங்களில் மரந்தை என்று காணப்படுகிறது. கணினி இச்சொற்களைக் குறி குறியாகப் பிரித்துப் பார்க்கும். மாந்தையில் மகரத்தை அடுத்து நிற்பது கால். மரந்தையில் அவ்விடத்தில் நிற்பது ரகரம். மற்றவையெல்லாம் ஒன்றே. ஆதலால் தூரம் ஒன்று. பொறி இவ்வளவே சொல்லும். ஆனால் ஏட்டுச் சுவடியைக் கையாண்ட தமிழ்ப் பண்டிதர் இன்னும் ஒரு படி மேலே செல்வார். பழைய ஏடுகளிலே காலையும் ரகரத்தையும் ஒரே வடிவில் எழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதுமில்லை. ஆகவே மாந்தையும் மரந்தையும் ஏட்டில் ஒரே தோற்றமுடையவை. இது பெயர் மாறியதன்று. படித்தவர் கண் மாறியது. இவ்வறிவைப் பொறிக்கு ஊட்டினால், ‘கால் ரகரமாவது சிறு குற்றம், வேறெழுத்து ஆவது பெருங்குற்றம்’ என்று அது நிறுக்கக் கற்றுக்கொள்ளும். ரோம எழுத்தில் எழுதிய ஐரோப்பியர் ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்தாது விட்டதையும் இவ்வாறே கற்பிக்கலாம்.

ஆனால் எழுத்து நெருக்கமே உறவாகிவிடாது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலங்களுள் திருக்கேதீச்சரம் ஒன்று; திருக்கேதாரம் மற்றொன்று. எழுத்திலே இரண்டும் அண்டை வீட்டார். நிலத்திலே ஒன்று ஈழக் கடற்கரையிலும் மற்றொன்று இமயச் சாரலிலும் உள்ளன. மறுபுறம், மாதோட்டத்திற்கும் இராசராசபுரத்திற்கும் எழுத்தளவில் உறவே இல்லை. ஆனால் இரண்டும் ஓரிடம். சேரர் மாந்தையும் அவ்வாறே. பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு அதனை மன்னார்க் கரைக்குக் கொண்டுவந்துவிட முடியாது; பாட்டிலே சேரனோடு அது பேசப்படுவது வேறு திசையைக் காட்டுகிறது. எழுத்தைக் கண்டு ஐயுறுவது பொறியின் வேலை. சூழலைக் கண்டு தெளிவது மனிதன் வேலை.

தொலமியின் புதிர்

பெயரோடு எண்ணையும் விட்டுச்சென்ற பழைய ஆசிரியர் ஒருவர் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமியே அவர். அக்காலத்தவர் அறிந்த உலகின் இடங்களை அடுக்கி, அவற்றுள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் நெட்டாங்கையும் அகலாங்கையும் குறித்து வைத்தார். நம் தீவையும் தப்ரபேன் என்ற பெயரால் எழுதினார். ஆனால் அத்தீவை உண்மையினும் பன்மடங்கு பெரிதாக்கிவிட்டார்.

அவர் பட்டியலிலே மோதுத்து என்னும் வணிகத் துறை ஒன்று வருகிறது. பெயரைக் கேட்டவுடன் மாதோட்டம் நினைவுக்கு வருகிறது. அறிஞர் சிலர் அவ்வாறே துணிந்தனர். ஆனால் தொலமி தரும் எண்களைப் படத்திலிட்டால், மோதுத்து வடமுனைக்குக் கிழக்கே போய் விழுகிறது. ஆகவே வேறு சிலர் வடகிழக்குக் கரையிலே தேடினர். ஒலி மேற்கே இழுக்கிறது. எண் கிழக்கே இழுக்கிறது. எண்ணை நம்பிவிடலாம் என்றாலோ, வடக்கேயுள்ள நாகதீபத்தை நினைவூட்டும் பெயரொன்றையும் அதே ஆசிரியர் கிழக்குக் கரையிலே வெகுதூரம் தெற்கே வைத்திருக்கிறார்!

இத்தகைய புதிரை அவிழ்க்க ஒரு வழியைப் பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவியளவையியலார் காட்டினர். தொலமி கூறும் செருமானிய நிலத்தை ஆராய்ந்த அவர்கள் 2010 இல் தம் முடிவை நூலாக வெளியிட்டனர். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நம்புவதற்குப் பதிலாக, அயலயலான இடங்களைக் குழுவாக்கி, அக்குழு முழுவதும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது, எவ்வளவு நீண்டோ சுருங்கியோ இருக்கிறது என்று கணித்தனர். குழுவோடு ஒத்துப்போகாத எண்ணைப் பிழையென்று ஐயுற்றனர். வகுப்பு முழுவதும் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்திருந்தால், அதை அறிந்துகொண்ட பின் யாரிடம் நேரம் கேட்டாலும் சரியான நேரத்தைச் சொல்லிவிடலாம். ஒருவன் கடிகாரம் மட்டும் ஒரு மணி பிந்தியிருந்தால் அது தானே வெளிப்படும்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஐயமின்றித் தெரிந்த சில இடங்களாவது கையில் இருக்கவேண்டும். தெரிந்ததைக் கொண்டே தெரியாததை அளக்க முடியும். தெரிந்தவை குறையக் குறையப் பொறியின் விடையும் தளரும். மோதுத்து மாந்தையா அன்றா என்னும் கேள்வி இன்னும் கேள்வியாகவே நிற்கிறது. ‘இன்னும் தெரியவில்லை’ என்று ஆராய்ச்சியாளர் சொல்லும்போது நாம் ஏமாற்றம் அடையவேண்டியதில்லை; அந்நேர்மையே ஆராய்ச்சியின் உயிர்.

பட்டியலில் இல்லாத பெயர்கள்

தெரிந்த இடங்களின் பட்டியலே இவ்வேலையின் அடித்தளம் என்பது இப்போது விளங்கும். நம் நாட்டிலே அத்தகைய பட்டியலைத் தனியொருவராக ஆக்க முற்பட்டவர், மன்னாருக்குத் தெற்கேயுள்ள கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி. அவருடைய இலங்கை இடப்பெயர்க் களஞ்சியம் 1834 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கணினி இல்லை, புகையிரதம் இல்லை, நல்ல தெருக்களும் இல்லை. எனினும் ஊர் ஊராகப் பெயரும் செய்தியும் தொகுத்தார். இன்று மேனாட்டார் கிரேக்க, உரோம உலகுக்கென ‘பிளேயாடிஸ்’ என்னும் மின்பட்டியலை வளர்த்து வருகின்றனர். அதிலே ஒவ்வோர் இடத்துக்கும் தனி எண் உண்டு. ஒருவரை வீட்டிலே ஒரு பெயராலும் பள்ளியிலே வேறு பெயராலும் அழைத்தாலும், தேசிய அடையாள அட்டையின் எண் ஒன்றே அன்றோ? அதுபோல, மகாதித்த, மாதோட்டம், இராசராசபுரம் என்னும் பெயர்களெல்லாம் ஒரே எண்ணின் கீழ் அடங்கும். எந்த மொழியாரின் பெயரையும் நீக்கவேண்டியதில்லை. எது முந்தியது என்று வழக்காடவும் வேண்டியதில்லை.

ஆனால் அத்தகைய பட்டியலில் நம் சிற்றூர்ப் பெயர்கள் ஏறவேண்டுமாயின், அவற்றை அறிந்தவர் சொல்லவேண்டும். இங்கேதான் நம் கரையின் துயரம் குறுக்கிடுகிறது. 1990 ஒக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களிற் பல்லாண்டு வாழ நேர்ந்தது. 2007, 2008 ஆம் ஆண்டுகளின் போரிலே மடு, அடம்பன் பகுதிகளின் தமிழ் மக்கள் கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்தனர். வீடு இடிந்ததை எல்லோரும் கண்டோம். தந்தை மகனை வயலுக்கு அழைத்துச் சென்று, ‘இது இன்ன மோட்டை, அது இன்ன திடல்’ என்று காட்டும் வழக்கம் இடையறுந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் 2008 இல் அவ்வாறு இடம்பெயர்ந்தவர்கள். போர் ஓய்ந்து திரும்பியபோது வயலெல்லாம் காடாகியிருந்தது. காணி உறுதியின் பிரதி ஒன்று மட்டும் கையில் இருந்தது. அதிலே வடக்கெல்லையாக ஒரு மோட்டையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. வரைபடத்தில் அப்பெயர் இல்லை, கணினியில் இல்லை, ஊரிலிருந்த இளையோர் எவரும் அதனைக் கேட்டதுமில்லை. தந்தையோ காலமாகிவிட்டார். அயல் வயலுக்குக் கூட எல்லை சொல்ல முடியாத நிலை.

கடைசியில் யாரோ நினைவுபடுத்த, புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றார்கள். 1990 வரை அவ்வயல்களுக்கு அண்டையில் உழுதவர் அவர். பெயரைக் கேட்டதும், “அதன் கரையிலே ஒரு மருதமரம் நின்றதே, மகன்! வெயிலேறினால் நாங்கள் மாடு அவிழ்த்து விடுகிற இடமல்லவா?” என்றார். திண்ணை மணலிலே விரலாற் கோடிட்டு, வாய்க்கால் எங்கே, வரம்பு எங்கே என்று காட்டினார். திரும்பி வந்து பார்த்தபோது மருதமரம் இல்லை. அதன் அடிக்கட்டை இருந்தது. பள்ளமும் இருந்தது. குடும்பத்தாருக்கு எல்லை கிடைத்தது.

தம் சொந்த ஊரையே இழந்து நின்ற ஒருவரின் நினைவு, மற்றொருவரின் நிலத்தை மீட்டுத் தந்தது. மாந்தையைத் தேடும் பேரறிஞர் செய்வதையே அப்பெரியவரும் செய்தார்: ஏட்டிலிருந்த பெயரை நிலத்தோடு இணைத்தார். எந்தப் பொறியும் இதனைச் செய்திருக்க இயலாது; அவர் நெஞ்சிலிருந்தது எந்த நூலிலும் இல்லாமையால். சில காலம் தாழ்த்திச் சென்றிருந்தால் அவரும் இருந்திருக்கமாட்டார். அவர் இப்போது இல்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை சொல்லி முடிக்க விரும்புகிறேன். ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். பக்கத்தை ஐந்து நிரலாக வகுத்துக்கொள்ளுங்கள். முதல் நிரலிலே குளம், மோட்டை, முனை, திடல், பாடு, ஒழுங்கை ஆகியவற்றின் பெயரை, ஊரார் சொல்லும் ஒலி மாறாமல் எழுதுங்கள். இரண்டாவதிலே அதற்கு வழங்கும் மறுபெயர்களை, எம்மொழியில் இருப்பினும் எழுதுங்கள். மூன்றாவதிலே இடத்தைக் குறியுங்கள். நீங்கள் விளையாட்டுக்குப் பயன்படுத்தும் கைத்தொலைபேசியே அங்கு நின்றபடி அகலாங்கையும் நெட்டாங்கையும் காட்டும். நான்காவதிலே, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும், சொன்ன நாளையும் எழுதுங்கள். ஐந்தாவதிலே, செய்தி உறுதியா ஐயமா என்று உண்மையாகக் குறியுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது, எழுதாமல் விடுவதினும் கேடு.

ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு விடுமுறையிலே ஒரு கிராமத்தை முடித்துவிடலாம். எருக்கலம்பிட்டிப் பாட்டியிடமும், வங்காலைக் கடற்றொழிலாளரிடமும், நானாட்டான் கமக்காரரிடமும், முருங்கன் வண்டிக்காரரிடமும் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். இதுவரை யாரும் கேட்காததே குறை. நீங்கள் எழுதி வைப்பது நாளை கணினியில் ஏறும். தோம்பிலும் உறுதியிலும் பழைய கடிதத்திலும் உறங்கும் பெயர்களுக்கு அது இடம் காட்டும்.

அன்று பேருந்திலிருந்து இறங்கியதும், கேள்வி கேட்ட மாணவன் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வழியில் வந்த முதியவரிடம், “ஐயா, மாந்தை எங்கே?” என்று கேட்டான். முதியவர் நின்று, காலடியைச் சுட்டினார்.

“இதுதான் தம்பி, நீங்கள் நிற்கிற இடம்” என்றார்.